மஞ்சள் தண்ணீரில் ஆறு கண்ணாடி

அந்த வெள்ளிக்கிழமை காலை என் மனைவி மலர், ரசத்தைப் பற்றித்தான் பேசினாள். சமையலறை பல்புக்குக் கீழே கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. இது ரசமா, சிமெண்டுத் தண்ணியா?"

"ரசம்தான்."

"தக்காளி நாலு போட்டிருக்கேன். செவப்பு எங்க? உங்க பல்பு தின்னுருச்சு."

அந்த பல்பை வாங்கி வந்தவன் நான். தெங்கேராவில் ஒரு சாமான் கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்றின் பெட்டியில் பகல் வெளிச்சம் என்று போட்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் என்ன குறை இருக்க முடியும் என்று அதையே எடுத்து வந்தேன். மாட்டிய அன்றே மலர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

"ஞாயித்துக்கிழம மாத்திரலாம்லா" என்றேன்.

"ஞாயித்துக்கிழம ஆறாவது கண்ணாடியத் தேய்ச்சுத் தரேன்னீங்க."

"ரெண்டும் ஞாயித்துக்கிழமதான்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மூணு ஞாயித்துக்கிழம போயிருச்சு."

ரசத்தை டப்பாவில் ஊற்றி மூடி, பையில் வைத்துக்கொண்டாள். "வாசக் கேட்ட ஒழுங்கா பூட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

பதினொன்று இருபதுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆய்வுக்கூட வாசலில், கையில் சாவிக்கொத்தோடு சரிந்து விழுந்திருக்கிறாள். தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று மாலை நாலு மணிக்கு மருத்துவர் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது அவள் போய்விட்டிருந்தாள். வயது நாற்பத்தொன்பது. அவள் பையை என்னிடம் கொடுத்தார்கள். ரசம் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

முழுப் பெயர் தேவமலர். பத்தொன்பது வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தாள். மற்றவர்களுடைய ஆராய்ச்சிக்குப் பொடி நிறுத்துக் கொடுப்பது, குடுவை கழுவுவது, உலையைப் போட்டு அணைப்பது அவள் வேலை. யார் என்ன தப்புச் செய்கிறார்கள் என்பது அவளுக்கு அவர்களுக்கு முன்னமே தெரிந்துவிடும். நாற்பத்தாறாவது வயதில், "நிறுத்துக் குடுத்தது போதும். நானே செஞ்சு பாக்கறேன்" என்று முதுகலை ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாலை நேரங்கள் எங்களுடையவை. மூன்று வருடம் அந்த நேரத்தில் பாதியைக் கண்ணாடி எடுத்துக்கொண்டது.

என்ன கண்ணாடி என்று என் அக்கா ராமாத்தாள் ஒருமுறை கேட்டாள். அக்கா ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவள். இப்போது தோட்டத்துக்கு வெளியே உள்ள மலிவு வீட்டில் இருக்கிறாள்.

"கேரம் பவுடர்ல கண்ணாடி செய்யறேன் அண்ணி" என்றாள் மலர்.

"கேரம் பவுடர்லயா? ஒங்க பக்கத்து வீட்டுக் காந்தன் பய கேரம் போர்டு மேல தூவுவானே, அதுலயா?"

"அதேதான். போரிக் ஆசிட். அத உருக்கினா கண்ணாடி."

"அத வெச்சு என்ன பண்ணுவே?"

"வெளக்கு."

அக்கா என்னைப் பார்த்து, "இவ என்னை ஓட்டுறாளாடா?" என்றாள்.

ஓட்டவில்லை. எனக்கு அவள் சொன்ன விளக்கத்தையே இங்கே எழுதுகிறேன். நம் வீட்டு பல்புக்குள் இருப்பது உண்மையில் நீல விளக்கு. அதன்மேல் மஞ்சள் பொடியைப் பசையில் குழைத்து அப்பியிருக்கிறார்கள். நீலமும் மஞ்சளும் சேர்ந்து வெள்ளை என்று கண்ணை நம்ப வைக்கின்றன. சிவப்பு அதில் இல்லாததற்குச் சமம். அதனால் தக்காளி செத்துப்போகிறது. போதாததற்கு, அந்தப் பசை சூட்டில் நாளாக நாளாகப் பழுத்துவிடும். கண்ணாடி பழுக்காது. பொடி பூசுவதற்குப் பதிலாக, கண்ணாடிக்குள்ளேயே ஒளி தரும் பொருளைக் கரைத்துவிட்டால் என்ன? அதற்கென்று அருமண் உலோகங்கள் இருக்கின்றன. டிஸ்ப்ரோசியம் என்று ஒன்று. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமும் மஞ்சளும் தானாகவே தரும். யூரோப்பியம் என்று இன்னொன்று. அது சிவப்பு தரும். இரண்டையும் சரியான அளவில் கண்ணாடியில் கரைத்தால், தக்காளி சாகாத வெள்ளை கிடைக்கும்.

"யூரோப்பியம் ரசத்துல பெருங்காயம் மாதிரிங்க" என்பாள். "கம்மியா போட்டா இருக்கறதே தெரியாது. கூடிட்டா அது மட்டுந்தான் தெரியும்."

ஆரம்பத்தில் அவள் செய்தவை எல்லாம் வெடித்தன. ஆயிரத்து நூறு பாகைச் சூட்டில் உருக்கி, பித்தளைத் தட்டில் ஊற்றுவாள். தேன் மாதிரி விழுமாம். அரை நிமிடத்தில் டிக் என்று ஒரு சத்தம். துண்டுகளைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டுவாள்.

நான் சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வால்வு பழுது பார்ப்பவன். சூடான இரும்பைப் பற்றி எனக்கும் நாலு விஷயம் தெரியும். "வெல்டிங் வெச்ச பைப்பையே நாங்க போர்வை போத்தித்தான் ஆற விடுவோம். நீ ஊத்தின உடனே காத்துல வெச்சா அது வெடிக்காம என்ன செய்யும்?" என்றேன். அவள் கைதட்டினாள். "எங்க கைடு டாக்டரும் நேத்து அதையேதான் சொன்னாங்க. நீங்க ஒரு நாள் லேட்டு."

பிறகு ஆறு கண்ணாடிகள் வெடிக்காமல் வந்தன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. முதலாவதில் யூரோப்பியம் கிடையாது. இரண்டாவதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆறாவதில்தான் அதிகம். அளக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்க்க வேண்டும். அது என் வேலை. வால்வின் முகத்தைக் கசிவில்லாமல் தேய்த்துப் பழகிய கைக்கு அது பெரிய காரியமில்லை. முதல் ஐந்தையும் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கொடுத்தேன். அவற்றை அளந்தும் விட்டாள். ஆறாவதுதான் பாக்கி. அந்த மாதம் ஆலையில் பெரிய பராமரிப்பு நடந்தது. நான் ஞாயிறு ஞாயிறாகத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

தேய்க்கும்போது தண்ணீர் ஆகாது, மண்ணெண்ணெய்தான் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தாள். போரிக் கண்ணாடியைத் தண்ணீர் தின்றுவிடும். அதனால்தான் அந்த ஆறையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் எண் எழுதிப் போட்டு, பிஸ்கட் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடி, புத்தக மேசையில் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் மலரை எடுத்துக்கொண்டு போனோம். ஆண்கள் நாங்கள் மின்சுடலைக்குப் போனோம். வீட்டில் பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவினார்கள். அக்காதான் முன்னே நின்றாள். பக்கத்து வீட்டுக் கோமளா பிற்பாடு சொன்னாள்: "அண்ணே, அக்கா ஒரு சாமான் விடல. கடிகாரத்தக்கூட இறக்கித் தண்ணி காட்டிட்டாங்க."

திங்கட்கிழமை காலை பால் தெளித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தேன். மதியம் டாக்டர் நோராய்ஷா அழைத்தார். மலரின் ஆய்வை வழிநடத்தியவர். நாங்கள் பேசியது மலாயில். நினைவில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்; 'என்சே' என்று ஐயா போடுகிற அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"என்சே செல்வம், இதை இப்போது கேட்கக் கூடாது" என்றார். "ஆனால் கேட்காவிட்டால் மலர் என்னை மன்னிக்க மாட்டாள். அந்த ஆறாவது கண்ணாடி. ஜொகூரில் ஒளி அளக்கும் இயந்திரத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை அவள் பெயரில் நேரம் வாங்கி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு இயந்திரத்தைப் பழுது பார்க்கக் கழற்றுகிறார்கள். எப்போது திரும்ப வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கட்டுரையில் அந்த ஒரு வரிசை மட்டும் காலியாக இருக்கிறது. அது நிரம்பினால், அவள் பெயரை முதலில் போட்டு நானே அனுப்பிவிடுவேன்."

"கண்ணாடி இருக்கிறது டாக்டர். தேய்த்துத் தருகிறேன்" என்றேன்.

புத்தக மேசைக்குப் போனேன். பிஸ்கட் டப்பா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காலி. நன்றாகக் கழுவிக் காய்ந்திருந்தது.

"அக்கா, இந்த டப்பால இருந்தது எங்க?"

"அதுவா? அந்த ப்ளாஸ்டிக் பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். மணி மாதிரி ஏதோ கெடந்துச்சு, அதையும் கொட்டிட்டேன். கண்ணாடி பத்தரமா இருக்கு."

"எங்க?"

கூடத்தில் மலரின் படத்துக்கு முன்னால் பதினாறு நாள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பித்தளைச் சொம்பு. அக்கா அதைத்தான் காட்டினாள்.

சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர். அடியில் ஆறு கண்ணாடிகளும் கிடந்தன.

"அவ ஆசையா செஞ்சது. அவ முன்னாலயே இருக்கட்டும்னு வெச்சேன். சனிக்கெழமயே போட்டேன்" என்றாள் அக்கா.

நான் கத்தினேன். அதை எழுதத்தான் வேண்டும். "ஒன்ன யாரு இதத் தொடச் சொன்னா? படிச்சவ பொருளு, தெரியாட்டி கேக்கத் தெரியாதா?" என்றேன். எனக்குப் பதினோரு வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போன நாட்களில் எனக்குச் சோறு ஊட்டியவள். எழுந்து பின்வாசலுக்குப் போனாள். கொண்டுவந்த சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்த கோமளா கரண்டியைக் கீழே வைத்தாள்.

கண்ணாடிகளைக் கரண்டியால் எடுத்து ஒரு வெள்ளைத் துண்டின்மேல் வைத்தேன். நான் தேய்த்த பளபளப்பெல்லாம் போயிருந்தது. மேலே பொரிந்த சுண்ணாம்பு மாதிரி ஒரு தோல், அதில் மஞ்சள் ஏறியிருந்தது. எது எந்த எண் என்று சொல்ல வழியில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு மலரின் புற ஊதாக் கதிர் டார்ச்சோடு படிக்கட்டுக்குக் கீழே உள்ள சாமான் அறைக்குள் போனேன். பகல் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் வீட்டில் இருட்டு உள்ள ஒரே இடம் அதுதான். அவளும் நானும் அதற்குள் துடைப்பத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே நின்று ஒவ்வொரு கண்ணாடியையும் முதலில் பார்த்தோம். அப்படி ஒருநாள் உள்ளே இருந்தபோது கோமளா வந்து கூப்பிட, இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வந்து அசடு வழிந்தோம்.

டார்ச்சை அடித்தேன். கண்ணாடி பிரகாசமாக, இளம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. முன்பு எந்தக் கண்ணாடியும் அவ்வளவு வெளிச்சம் தந்ததில்லை. ஒரு கணம் மனம் துள்ளியது. தண்ணீர் ஏதோ நல்லது செய்துவிட்டது போலிருக்கிறது, மலரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்றே நினைத்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன். என் விரல் நுனிகளும் அதே நிறத்தில் ஒளிர்ந்தன. கரண்டியின் காம்பும். ஒளிர்ந்தது மஞ்சள். கண்ணாடி அதற்குள் எங்கேயோ மறைந்திருந்தது.

வெளியே வந்து கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணி இருக்கும். அக்கா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். குரலில் கோபமில்லை. "தம்பி, இங்க வா. வந்து பாரு."

துண்டின்மேல் காய்ந்துகொண்டிருந்த ஆறு கண்ணாடிகளும் சிவந்திருந்தன. சில இடத்தில் செங்கல் நிறம், சில இடத்தில் நல்ல குங்குமம்.

"சுமங்கலியா போனவ. குங்குமம் கேட்டு வாங்கிக்கிட்டா" என்றாள் அக்கா. கண் நிறைந்திருந்தது.

"அக்கா, மஞ்சத் தண்ணி செவக்கும். ஆரத்தி செவக்கறது இல்லையா?"

"எனக்கா ஆரத்தி சொல்லித் தரே? அது சுண்ணாம்பு போட்டாத்தான் செவக்கும். நான் சுண்ணாம்பு போடல. வெறும் மஞ்சளு, வெறும் தண்ணி. அப்புறம் எப்படி செவந்துச்சு, நீயே சொல்லு."

டாக்டரை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.  மறுமுனையில் ஒரு சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது.

"குஞிட்! மஞ்சள்! போரான் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் மஞ்சளைத்தான் போடுவோம், என்சே செல்வம். போரான் இருந்தால் காயும்போது சிவக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு அதை வருடா வருடம் செய்து காட்டுவது யார் என்று நினைக்கிறீர்கள்? மலர்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தார். "தண்ணீர் மேலே மட்டும்தான் தின்றிருக்கும். உள்ளே நன்றாக இருக்கலாம். சிவப்பு போகும்வரை தேய்த்துப் பாருங்கள். அடுத்த வாரம் புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்."

அக்காவிடம் சொன்னேன். நம்பவில்லை. கோமளாவின் புருஷன் காந்தனிடமிருந்து கேரம் பவுடர் வாங்கி வந்து, வெள்ளைச் சாசரில் மஞ்சளும் தண்ணீரும் விட்டுக் குழைத்து வெயிலில் வைத்தேன். அக்கா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தாள், நான் சுண்ணாம்பு கலந்துவிடுவேனோ என்று. மாலைக்குள் ஓரத்திலிருந்து சிவக்கத் தொடங்கியது.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். கேரம் பவுடரும் செவக்குது. சரி." சாசரைத் தள்ளி வைத்தாள். "இத யாருக்கு வெச்சோம்? யாருக்குமில்ல. அது மலருக்கு வெச்சது."

"தேய்ச்சாத்தான்கா அளக்க முடியும்."

"தேய்ச்சா குங்குமம் போயிரும். போன பொம்பள நெத்தியில இருந்து குங்குமத்த அழிப்பியா? நீ உசுரோட இருக்கும்போதே?"

செவ்வாய் முழுதும் கண்ணாடிகள் படத்தின் முன்னால் அப்படியே இருந்தன. புதனும் அப்படியே. வியாழனும் போயிற்று. டாக்டர் வர ஐந்து நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை, அவள் போய் ஒரு வாரம் ஆன காலை, மலரின் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டுபோய் அக்காவின் முன்னால் விரித்தேன். கட்டம் போட்டு ஆறு வரிசை. ஐந்தில் எண்கள். ஆறாவதில் ஒன்றுமில்லை.

"இந்த வரிசை நெறஞ்சா அவ பேரு முதல்ல வரும்கா. அச்சுல. உலகத்துல யாரு வேணா படிக்கலாம். இது நெறையாம நின்னதுக்குக் காரணம் நீ இல்ல. நான்தான். மூணு வாரமா தேய்ச்சுத் தரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அக்காவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. காலி வரிசை தெரிந்தது. அதன்மேல் விரலை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகர்த்தினாள்.

"இதுக்கு ஆறும் வேணுமா?"

"ஒண்ணு போதும். ஆறாவது."

"அப்ப ஒண்ண எடுத்துக்க. அஞ்சு அவகிட்ட இருக்கட்டும்" என்றாள், பாசாரில் மீன் பேரம் முடிக்கிறவள் மாதிரி. உடனே, "எது ஆறாவதுன்னு எப்படித் தெரியும்? பையத்தான் நான் தூக்கிப் போட்டுட்டேனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அந்த யோசனை எனக்குள் திங்கட்கிழமையிலிருந்தே இருந்தது. வேலைப் பெட்டியிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். ஒவ்வொன்றாக அதன் தாடைக்குள் வைத்தேன். ஐந்து கண்ணாடிகள் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே. ஒன்று மட்டும் மூன்றே முக்கால். நான் தேய்த்தவை ஐந்து. தேய்க்காமல் விட்டது அது. என் சோம்பல்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

கார் நிறுத்துமிடத்தில் தடித்த கண்ணாடிப் பலகையை வைத்து, அதன்மேல் உப்புத்தாளை விரித்து, மண்ணெண்ணெய் சொட்டினேன். எட்டு போடுவது போல விரலைச் சுழற்ற வேண்டும். ஒரே பக்கமாக அழுத்தினால் சாய்ந்துவிடும். முதல் சுற்றிலேயே தாளில் சிவப்பு இறங்கியது. அக்கா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாடா."

"மெதுவாத்தான்."

"இதத்தான் ஞாயித்துக்கிழமையெல்லாம் செய்வியா? கார் கழுவறேன்னு நெனச்சேன்."

"கார மலர்தான் கழுவுவா."

"அதான பாத்தேன்."

மூன்றரைக்கு வந்தபோது சிவப்பு போயிற்று. மூன்றே காலில் வெள்ளைத் தோலும் போயிற்று. இரண்டாவது பக்கத்தைத் தேய்க்கும்போது கை ஒரு தடவை வழுக்கி, ஓரத்தில் சிறு சில்லு தெறித்தது. அக்கா மூச்சை இழுத்தாள். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரிசல் உள்ளே ஓடவில்லை. அடுத்த தாள், அதற்கடுத்த தாள். கடைசியில் பஞ்சில் துடைத்துத் தூக்கிப் பிடித்தபோது, அதன் வழியே எதிர்வீட்டு வாழை மரம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று புள்ளி பூஜ்யம்.

சிவப்புத் தூள் படிந்த தாளை நான் சுருட்டியபோது அக்கா கையை நீட்டினாள். "அத இப்படிக் குடு. குப்பையில போடாத." நாலாக மடித்துப் படத்துக்குப் பின்னால் செருகினாள். கூடத்தில் இரண்டு நாள் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"வா, காட்டறேன்" என்று சாமான் அறைக்குக் கூப்பிட்டேன். அரிசி மூட்டை பக்கம் அவளும் துடைப்பத்தின் பக்கம் நானும் நின்று கதவைச் சாத்திக்கொண்டோம். அடித்தேன். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. உள்ளங்கையை விளக்கின்மேல் வைத்தால் விரலிடுக்கில் தெரியுமே ஒரு சிவப்பு, அதை நிறைய வெள்ளையில் கலந்தது போல ஒரு வெளிச்சம்.

"இதுக்கா மூணு வருசம்?"

"இதுக்குத்தான்."

"சின்னதா இருக்கு."

"ஆமா."

இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "நான் கெடுத்துட்டேனாடா?"

"இல்லக்கா."

"கத்தினியே."

"அது ஒன்னைப் பாத்துக் கத்தினதில்ல."

"பின்ன யாரப் பாத்து, இந்த அரிசி மூட்டையப் பாத்தா?" என்று என் தோளில் ஒரு அடி போட்டாள். வலித்தது. பால்வாளி தூக்கிய கை.

புதன்கிழமை டாக்டர் வந்தார். புது மணிகள் போட்ட சிறிய டப்பாவில் ஆறாவது கண்ணாடியை வைத்துக்கொடுத்தேன். படத்தின் முன்னால் இருந்த ஐந்து சிவப்புக் கண்ணாடிகளைப் பார்த்தார். "இவை இங்கேயே இருக்கட்டும்" என்றார். அக்காவுக்கு மலாய் நன்றாக வரும். "அதான் நானும் சொன்னேன்" என்றாள்.

ஐந்து வாரம் கழித்து அழைப்பு வந்தது.

"ஆறாவது கூடிவிட்டது. சிவப்பு தூக்கல். நாலாவதுதான் சரியான வெள்ளை" என்றார் டாக்டர்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "அப்படியானால் ஆறாவது தேவைப்படவில்லையா?"

"ஆறாவது இல்லாமல், நாலாவதுதான் சரி என்று எப்படிச் சொல்வது? எங்கே கூடுகிறது என்று காட்டினால்தானே எங்கே போதும் என்று எழுத முடியும்?"

குறிப்பேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதிய பக்கத்தில், ஆறாவது வரிசைக்குப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால் தமிழில் ஒரு சொல் இருந்தது: 'கூடிப்போகுமோ?' அவளுக்குப் பாதி தெரிந்திருந்தது. அந்தக் கேள்விக்குறிக்குத்தான் அந்தக் கண்ணாடி.

கட்டுரை இந்த வருடம் மார்ச்சில் வெளிவந்தது. மூன்று பெயர்கள். முதல் பெயர் அவளுடையது. அச்செடுத்து ஜாசினுக்குக் கொண்டுபோனேன். அக்கா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, "பேரு எங்க?" என்றாள். காட்டினேன். இடமிருந்து வலமாக விரலால் தடவினாள், அந்தக் காலி வரிசையைத் தடவியது போலவே. "நீளமான பேருதான்" என்றாள்.

ஐந்து கண்ணாடிகளும் படத்தின் முன்னால் ஒரு சிறு தட்டில் இருக்கின்றன. சிவப்பு இப்போது பழுப்பாகிவிட்டது. ஆறாவதை டாக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது டப்பாவில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மணிகளை அடுப்பில் காய வைத்துப் போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து ரசம் வைத்தாள். நாலு தக்காளி போட்டாள். சமையலறையில் அதே பல்புதான். கிண்ணத்தில் ரசம் சிமெண்டுத் தண்ணீர் நிறத்தில்தான் இருந்தது.